எலிவரை போன மருந்து

நான் வேதியியல் பேராசிரியரானது பட்டால்தான். பட்டின் புரதத்தில் மூட்டுவலி மருந்தை ஏற்றி, வீங்கிய மூட்டுக்குள் மெல்லக் கசியவிடுவது என் ஆராய்ச்சி. ஆரணியில் தறி வைத்திருக்கும் சித்தப்பா மகன் வீட்டிலிருந்துதான் பட்டு வரும். சாயம் போடுமுன் சுற்றும்போது அறுந்துவிழும் வெள்ளை இழைகளை அவன் மனைவி எனக்காகப் பையில் சேர்த்துவைப்பாள்.

இந்தக் காணும் பொங்கலன்று போனபோது அவள் விரல்கள் வீங்கியிருந்தன. தறியில் ஏற்றும் புதுப் பாவின் நெடுக்கு இழைகளைப் பழைய பாவோடு முறுக்கிப் பிணைப்பது அவள் வேலை. இப்போது அதற்கு வெளியாள் வருகிறார்.

"மாமா, பேப்பர்ல உங்க போட்டோ வந்துச்சே. அந்த மருந்து எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்."

"எலிக்குத்தாம்மா குடுத்துப் பாத்திருக்கோம்."

சித்தப்பா மகன் சிரித்தான். "எலி இன்னா, பாவு பிணைச்சிகினா இருக்குது?"

"சும்மா இருங்க. மாமா செஞ்சிகினுதான இருக்காரு" என்று அவள் அவனை அதட்டினாள்.

அதுதான் சுட்டது. நான் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. கட்டுரை வெளியான தேதி, பதவி உயர்வு வந்த தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். அதன்பின் மனிதர்வரை கொண்டுபோகும் நீண்ட வேலையை விட்டுவிட்டு, சீக்கிரம் கட்டுரையாகும் வேறொன்றுக்குத் தாவிவிட்டேன்.

கிளம்பும்போது வழக்கம்போல் பையைக் கொண்டுவந்தாள். அதன் வாயைக் கட்ட முயன்றாள், விரல் மடங்கவில்லை.

"நீங்களே முடிச்சு போட்டுக்குங்க மாமா" என்றாள்.

போட்டுக்கொண்டேன்.