கறுப்பு ரேக்கின் அடியில்

உரம் போடும் ஆட்களைச் செம்பனை வரிசைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பட்டறையிலிருந்து போன் வந்தது. "தேவன் அண்ணன் போயிட்டாரு அக்கா. காலையில நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு." முந்தின நாள்தான் என் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக் கொடுத்திருந்தார்.

பண்டார் தெங்காரா பக்கத்து எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவரோடு பழகியவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? நல்ல மெக்கானிக். வாயாடி. எனக்கும் அவருக்கும் நடந்த ரேக் சண்டையும் உங்களுக்குத் தெரியும். உர மூட்டை ஏற்ற என் நாலு சக்கர ஏடிவி வண்டியின் பின்னால் ஒரு ரேக் மாட்ட வேண்டியிருந்தது. அவர் இரும்பு என்றார். நான் நார் கலந்த கெட்டிப் பிளாஸ்டிக் என்றேன். உரத்தின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது என் கட்சி.

"துரு புடிச்சா சுரண்டி சாயம் அடிக்கலாம். உடைஞ்சா வெல்டிங் வெக்கலாம். உங்க பிளாஸ்டிக் உடைஞ்சா என்னம்மா செய்வீங்க, ஒப்பாரி வெப்பீங்களா?"

"உடையாதுண்ணே. பாருங்க லா."

மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார். தேவன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் மாட்டினார், ஆனால் ஒரு திருகுகூடக் கோணவில்லை. "ஒரு மூட்டைக்கு மேல ஏத்தாதீங்க" என்றார்.

மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் ஒருநாள் இரண்டு மூட்டை ஏற்றினேன். பள்ளத்தில் இறங்கியபோது பட்டென்று சத்தம். ரேக்கின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தோற்றதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மேலே ரப்பர் பாய் விரித்து, கேபிள் டையால் இறுக்கிக் கட்டி மறைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டியைச் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் கேட்பார்: "எப்படிம்மா, உங்க ரேக் நல்லா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்குண்ணே."

"அப்ப சரி" என்று சிரிப்பார். பல மாதங்கள் இப்படியே ஓடின. ரேக் அசையவில்லை. என் கட்டுதான் தாங்குகிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அவரை அனுப்பிவைத்த மறுநாள், நடந்ததை மேனேஜரிடம் சொல்லி இரும்பு ரேக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் சொல்லாமல் போனதை வேறு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. பட்டறையில் ரேக்கைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில், விரிசலின் நீளத்துக்கு ஓர் இரும்புத் தகடு. ஏதோ ஒரு சர்வீசின்போது, கண்ணுக்குத் தெரியாதபடி கறுப்புச் சாயம் பூசி முடுக்கியிருந்தார் தேவன் அண்ணன். நான்கு திருகுகளும் துருப்பிடிக்காத எஃகு. உப்பைப் பற்றி நான் சொன்னதையும் அவர் மறக்கவில்லை.

ஒப்பாரி வைப்பீர்களா என்று கேட்டாரே. பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரும்பு ரேக் கேட்கவில்லை. அதையே திரும்ப மாட்டி, பாயை எடுத்துவிட்டேன். ஒரு மூட்டைதான் ஏற்றுகிறேன். விரிசலைப் பார்த்து யாராவது கேட்டால், நான் உடைத்தது, தேவன் அண்ணன் தாங்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன்.