உமிச் சாம்பல் கோடு

பத்து வருடமாக எனக்கும் காற்றுக்கும் சண்டை. பரந்தனில் நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் உமிச் சாம்பல் சும்மா கிடைக்கும். அதை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் எங்கள் விளையாட்டுத் திடலில் தம்பிக்கு ஓடுபாதை கீறுவது என் வேலை. சுண்ணாம்பு வாங்கிக் கட்டுப்படியாகாது. சாம்பல் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் ஒவ்வொரு கோட்டையும் ஒரு சாண் அகலத்துக்குப் போடுவேன். இன்று போட்டால் நாளைக்கே வளைவுகளில் உட்பக்கக் கோடு கலைந்து கிடக்கும். "கோதாரி விழுந்த சோளகம்!" என்று திட்டிக்கொண்டே திரும்பவும் போடுவேன். சோளகக் காற்று ஓய்ந்த மாதங்களிலும் கலைந்தது. அப்போது மாடுகளைத் திட்டினேன்.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். நானூறு மீற்றர் ஓட்டக்காரன், திடலை முழுதாக ஒரு சுற்று. நான் வளைவில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். "உள்ளுக்கு ஒட்டி ஓடடா! வெளியால போகாத!" வெளியே விலகினால் தூரம் கூடும். எனக்குத் தெரிந்த ஓட்டக் கலை அவ்வளவுதான்.

இந்த வருடம் ஆசியப் போட்டிக்கு அவனை எடுத்தார்கள். இருபத்தேழு வயதாகிவிட்டது. இதைத் தவறவிட்டால் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "பதக்கம் ஒண்டும் வேண்டாம் அக்கா. இறுதிப் போட்டியில நிண்டாக் காணும்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

அரையிறுதி அன்று பின்னேரம் எங்கள் விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. என் கைத்தொலைபேசியை அலுமாரிக்கு மேல் சாத்தி வைத்திருந்தேன். அம்மா பார்க்கவே மாட்டேன் என்று குசினிக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முன்வீட்டு ஓட்டோக்கார அண்ணை எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மனுசன் வாழ்க்கையில் ஓடியது நாய் துரத்தியபோது மட்டும்.

முதல் இரண்டு பேர் இறுதிக்குப் போவார்கள். தம்பி ஐந்தாவது பாதையில் ஓடினான். கடைசி வளைவில் நாலாவதாக இருந்தவன், நேர்ப்பாதையில் இரண்டு பேரை விழுங்கிக்கொண்டு இரண்டாவதாக வந்தான். ஐயோ, அந்தச் சத்தம்! அம்மா குசினியிலிருந்து அழுதுகொண்டு ஓடி வந்தார். அண்ணை வெடி வாங்க ஓட்டோவைத் திருப்பினார்.

அவர் வெடியோடு வந்து சேர்வதற்குள் முடிவுகள் திரையில் வந்தன. தம்பியின் பெயர் எல்லோருக்கும் அடியில் கிடந்தது. பக்கத்தில் நேரம் இல்லை. வளைவில் பாதைக் கோட்டை மிதித்ததாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள்.

"ஏழை நாட்டுக்காரன் எண்டு வெட்டிப்போட்டாங்கள்," என்றார் அண்ணை, வெடிப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "கண் கெட்டவங்கள், நாசமாப் போவாங்கள்," என்று அம்மா மண் அள்ளித் தூற்றாத குறை. நானும் விட்டேனா? எல்லோரையும்விடப் பெரிதாகத் திட்டினேன். பத்து வருடம் சாம்பல் சுமந்த எனக்கு வயிறு எரியாதா?

பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஒளிப்பதிவை மெதுவாக ஓடவிட்டேன். கடைசி வளைவில் அவனுடைய இடது கால் உட்பக்கத்து வெள்ளைக் கோட்டின் மேல் இறங்கியது. திரும்பவும் இறங்கியது. நாலு தரம். ஒருமுறை பட்டால் விட்டுவிடுவார்களாம். நாலு தரத்துக்கு மன்னிப்பில்லை. எரிச்சலில் தொலைபேசியைக் கிணற்றுக்குள் எறியலாம் போலிருந்தது. திட்டுவதற்கு இனி ஆளில்லை.

அப்போதுதான் அவன் அழைத்தான். சனம் கிணற்றடிக்கே வந்து என்னைச் சுற்றி நின்றது.

"அக்கா, மிதிச்சனானாம். சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியேல்லை. படத்தைக் காட்ட வந்தாங்கள், பாக்க மாட்டன் எண்டு வந்திட்டன். நீ பாத்தனியோ? நீ சொன்னா நம்புவன்."

இல்லையென்று சொல்லும்படி அண்ணை கையால் சைகை காட்டினார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி. மிதிச்சனீ. நாலு தரம்."

அம்மா தலையில் கையை வைத்தார்.

"இஞ்ச வளைவுக்கு வளைவு கமரா," என்றான் தம்பி. "முந்தி ஓடின இடங்களில ஒருத்தரும் காணேல்லைப் போல. அப்ப எங்கட திடலிலயும் மிதிச்சுத்தானே ஓடியிருப்பன்? கால் பட்டாச் சாம்பல் கலையுமே. அதை நீ காணேல்லையோ அக்கா?"

"கண்டனான்," என்றேன். "காத்து எண்டு நினைச்சன்ரா."