காலிக் கட்டத்துக்கு மேலே ஒரு சிலுவை

1. சனிக்கிழமை

காலை ஒன்பது நாற்பது. தி. நகர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அதே முகம் அன்றைய பேப்பரின் பதினோராம் பக்கத்தில், நினைவஞ்சலி விளம்பரத்தில் இருந்தது.

வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மடித்த பேப்பர். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"இதுல இருக்கறது நான்தாம்மா," என்றார். "போனது என் ஆத்துக்காரி. ஆறு வருஷமாச்சு."

அந்த நாளிதழின் விளம்பரப் பிரிவில் நான் புரூஃப் ரீடர். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

2. முந்தைய நாள்

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். லே-அவுட் முடிந்ததும் பக்கத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். அதுதான் புரூஃப். பெயர், தேதி, போட்டோ எல்லாவற்றையும் பார்த்துப் புரூஃப் ரீடர் கையெழுத்துப் போட்ட பிறகே பக்கம் அச்சுக்குப் போகும். போட்டோ வராமல் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். பள்ளியில் பரீட்சைத் தாளின் உச்சியில் சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் முதல் கேள்வியைத் தொடுவோம். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவதைப் போல. அந்தப் பழக்கம் புரூஃபுக்கும் வந்துவிட்டது. லே-அவுட் பிரிவின் சீனியர் சம்பத்தின் கேலிக்கு அது தினசரி தீனி. அவர் சைதாப்பேட்டைக்காரர்.

"இன்னா சிஸ்டர், மேலேர்ந்து ஓகே வந்துச்சா? பக்கத்த வுட்டுடலாமா?"

நானும் சிரித்துவிடுவேன். ஆனால் அந்த வாரம் அவர் வேறொன்று கேட்டார். "நீ பேசிக்கினே கீற, சரி. அந்தாண்ட யாராவது கேட்டுக்கினு கீறாங்களா?"

என் அம்மாவுக்காக இரண்டு ஆண்டுகள் செபித்திருந்தேன். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அவர் இறந்தார். சம்பத்துக்கு அது தெரியாது.

அன்று பெரிய வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குக் கோயிலில் வழிபாடு. இரண்டு பத்துக்குப் பதினோராம் பக்கத்தின் புரூஃப் வந்தது. பன்னிரண்டு நினைவஞ்சலிகளில் ஒன்றுக்குப் போட்டோ இல்லை.

"வந்ததும் நீங்களே போட்டு அனுப்பிடுங்க சம்பத்," என்றேன். மூலையில் சிலுவை, கீழே கையெழுத்து. மயிலாப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

சிலுவையை முத்தமிடும், எங்கள் பேச்சில் முத்தி செய்யும், வரிசையில் நிற்கும்போது சம்பத்தின் கேள்விதான் மனதில் ஓடியது. என் முறை வந்தது. குனிந்து முத்தி செய்தேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. பழக்கத்தில் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில் மாம்பலம் பெரியவர் இரண்டு போட்டோக்களை அனுப்பியிருக்கிறார். ஒன்று மனைவியுடையது. இன்னொன்று விளம்பரப் படிவத்தில் ஒட்ட, அவருடையது. அவசரத்தில் சம்பத் இரண்டாவதைக் கட்டத்தில் வைத்துவிட்டார்.

3. கேள்வி

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெரியவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் புரூஃப் இல்லை. அதை ஃபைலிலிருந்து எடுத்துவர ஆள் போயிருந்தார். சம்பத்துக்கு ஏற்கெனவே ஒரு மெமோ உண்டு. இன்னொரு மெமோ வந்தால் வேலை போகும்.

"நீங்க கையெழுத்துப் போடும்போது போட்டோ இருந்துச்சா?" என்று மேனேஜர் என்னிடம் கேட்டார்.

தாள் வந்தாலும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'இது முதல் பிரிண்ட், பிறகு இன்னொன்று பார்த்தேன், அதில் சரியான போட்டோ இருந்தது' என்றால் சம்பத்தைத் தவிர யாராலும் மறுக்க முடியாது. பழி சம்பத்தோடு போய்விடும். உண்மையைச் சொன்னால், கோயிலுக்குப் போகும் அவசரத்தில் தப்பு செய்தவள் என்று ரிட்டயராகும்வரை பேசுவார்கள்.

தாள் வந்தது. மூலையில் என் சிலுவை. அதைப் போட்ட தாளை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய விசுவாசம் எதுவும் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

"இல்ல சார். கட்டம் காலியா இருந்துச்சு. கோயிலுக்கு நேரமாச்சுன்னு போட்டுட்டேன். சம்பத்தைப் பார்த்து அனுப்பச் சொன்னதும் நான்தான்."

சம்பத் தரையைப் பார்த்தார்.

மேனேஜர் பேசுவதற்குள் பெரியவர் குறுக்கிட்டார். "யாரையும் ஒண்ணும் பண்ணிடாதேள். கார்த்தாலேந்து போன் ஓயலை. படத்தைப் பாத்தவா யாரும் எழுத்தைப் படிக்கலை. நான் எடுத்து 'சொல்லுங்கோ'ன்னா, பயந்து வெச்சுடறா!" தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு அவ மூஞ்சி வரணும். அது போறும்," என்றார்.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சம்பத்துக்கு மெமோ வரவில்லை. இருவரும் வெளியே வந்தோம்.

சம்பத் பக்கத்தில் வந்து நின்றார். "சிஸ்டர், உங்காளு ஞாயித்துக்கெழமதான எழுந்துப்பாரு? இந்த நைனா ஒரு நாள் முன்னாடியே எழுந்து வந்துட்டாரே!"

இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிறான ஈஸ்டருக்கு முந்தைய நாள் அது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அம்மா இறந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

மதியம் புதிய புரூஃப் வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பெரியவர் அனுப்பிய போட்டோவோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளின் அடிக்குக் கொண்டுபோனபோது சம்பத் விரலை மூலையில் வைத்தார். "இன்னும் போடல சிஸ்டர்."

போட்டேன்.

அவருடைய கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கேட்பவர் உண்டு என்று நம்பித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். தொழிலில் கற்றது வேறு: காலிக் கட்டத்துக்கு, எந்தக் காரணத்துக்காகவும், கையெழுத்துப் போடாதீர்கள்.

லே-அவுட், புரூஃப் இரண்டுக்கும் ஷிஃப்ட் பட்டியலைச் சம்பத்துதான் எழுதுவார். அடுத்த ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமைக்கு என் பெயருக்கு எதிரே 'பகல் ஒரு மணி வரை' என்று எழுதியிருந்தது.