வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு

அப்பா மேடையேறினால் ஒரு வாக்கியத்தை மட்டும் விடவே மாட்டார். "என் மகன் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை." கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். தம்பானூரில் எங்கள் ஹோட்டல் நன்றாக நடந்தது. அதில் வந்ததில் பெரும்பகுதியை ஆட்டிசம் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் மருத்துவ முகாம் நடத்தினார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கோ அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி பேசுவான். முப்பது வயதில் அவனிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. தினமும் நாலு மணிக்கு என் செருப்பை ஷெல்ஃபிலிருந்து எடுத்துவந்து, வாசற்படியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து, "போலாம்" என்பான். கரமனையிலிருந்து தம்பானூருக்கு சிட்டி பஸ்ஸில் போவோம், அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். அம்மா போனபிறகு என்னைத்தான் அழைத்தான். அந்த நேரத்தில் அப்பா ஏதாவது கமிட்டியில் இருப்பார். நானும் அவரிடம் சொல்லவில்லை. அவராகக் கேட்கட்டுமே என்று வீம்பு.

அப்பா உதவிய ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். ஆய்வில் சேருகிறவர்களில் முதல் பெயராகத் தம்பியின் பெயரையே எழுதவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வீட்டில் என்னென்ன வார்த்தைகள் பேசுவான் என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லே. எழுதிக்கோங்கோ" என்றார் அப்பா, மேடைக்குரலில்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் பேசறான் அப்பா. தெனமும் நாலு மணிக்குப் பேசறான். நீங்கோ ஆத்துல இருந்தாத்தானே கேக்கலாம்?"

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். வெளியாள் முன்னால் அவரை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அப்பா என்னைத் திட்டவில்லை. "என்ன சொல்லறான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த வார்த்தையைத் தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். தன் செருப்பை வாசற்படியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பிக்கு எந்தப் பொருளும் இடம் மாறக்கூடாது. அந்தச் செருப்பை எடுத்து ஷெல்ஃபில் அதன் இடத்தில் வைத்தான். என் செருப்பைக் கொண்டுவந்து வைத்தான். அப்பா சிரிக்கப் பார்த்தார். தினமும் இதே கதைதான். எட்டு மாதம் கமிட்டி, கூட்டம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு நாலு மணிக்கு வீட்டிலிருந்தார். மேடையில் அந்த வாக்கியமும் நின்றுபோயிற்று.

ஒருநாள் கேட்டார். "உங்க ரெண்டு பேர் கூட நானும் வரட்டுமா?"

"அவன் கூப்பிடட்டும் அப்பா" என்றேன் நான்.

இதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு பஸ், பக்கத்தில் ஒரு சீட். அதைத்தான் அவர் கேட்டார்.

அந்த மாதமே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதிமூன்றாம் நாள் மையத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாவைப் புகழ்ந்து பேசினார்கள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கட்டி மூலையில் வைத்திருந்தேன். நாலு மணிக்குத் தம்பி அந்தப் பையை அவிழ்த்தான். செருப்பை எடுத்துவந்து வாசற்படியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். உள்ளே திரும்பி, அப்பாவின் காலி நாற்காலியைப் பார்த்தான்.

"போலாம்" என்றான்.

தெருமூலையில் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவும் சொன்னான்.

நான் எழுந்து என் செருப்பை எடுத்துப்போய் அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் அதைக் கையிலெடுத்து, ஷெல்ஃபில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, திரும்ப வந்து வாசற்படியில் நின்றான்.