ரயில்காரனுக்கு வசனம் எழுதிய அக்கா

என் அக்கா தொலைக்காட்சியில் வரும் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதினாள். எழுதும் வேலை என்பதைவிட எண்ணும் வேலை என்றுதான் சொல்ல வேண்டும். திரையில் வாய் எத்தனை முறை திறக்கிறது, உதடு எங்கே ஒட்டுகிறது என்று மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே பார்ப்பாள். உதடு ஒட்டும் இடத்தில் ‘ம’வோ ‘ப’வோ வந்தாக வேண்டும். சாப்பிடும்போதுகூட என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். “பேசாம சாப்பிடு, இல்லன்னா எண்ண ஆரம்பிச்சிடுவேன்” என்பாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில்காரன் கதை வரும். வெள்ளத்தில் மூழ்கும் நாட்டில் கடைசி ரயிலை ஓட்டும் இளைஞன்தான் நாயகன். சோபாவின் ஆளுக்கொரு முனையில் காலை மடக்கிக்கொண்டு உட்காருவோம். அக்காவின் பெயர் ஓடும் அந்த ஒரு விநாடிக்காக நான் இமைக்காமல் இருப்பேன். அம்மா போன பிறகு எங்கள் வீடு கலகலவென்று இருந்த நாள் அது ஒன்றுதான்.

நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். வாரமெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, விடுமுறை நாளில் தன் வாயைத் திறக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருவார்.

ஒரு பகுதியில் பாலம் இடிகிறது. நாயகன் கடைசிப் பெட்டியைக் கழற்றிவிடுகிறான். முந்நூறு பேர் பிழைக்கிறார்கள். அந்தப் பெட்டியிலிருந்த அவன் நண்பன் வெள்ளத்தோடு போய்விடுகிறான். “அண்ணன் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?” என்கிறாள் நண்பனின் தங்கை. மூலக்கதையில் அவன் பதில், “கேட்டுச்சு.”

சேனல் மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. “குழந்தைங்க பாக்கற தொடர்மா. ஹீரோ தெரிஞ்சே பண்ணினான்னு வரக்கூடாது. ‘கேக்கல’ன்னு போட்டுடுங்க.” இரண்டுக்கும் வாய் மூன்று முறைதான் திறக்கும். அக்கா மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாள்.

டாக்டர் அதை நான்கு முறை பேசிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மேடம், இவன் முகத்தைப் பாருங்க. கேக்கலன்னா ஏன் இப்படி நிக்கறான்?” என்றார்.

அக்கா படத்தை நிறுத்தச் சொல்லி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு, “கேட்டுச்சுன்னே பேசுங்க. மேலாளர்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாளாம்.

அன்று மாலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பியபோது, அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கட்டட வரைபடம் போடற படிப்புக்கு எழுதிப் போட்டியே, அதுக்கு இடம் கிடைச்சு அப்பவே கடிதம் வந்துச்சு” என்றாள். “அம்மா படுத்திருந்த வருஷம். நான்தான் உங்கிட்ட கொடுக்கல.”

அந்தப் படிப்பு வேறு ஊரில். நான் தேறவில்லை என்றே பதினோரு வருடமாக நினைத்திருந்தேன்.

“மறந்துட்டியா?”

“இல்ல. தெரிஞ்சேதான் ஒளிச்சு வச்சேன். நீ போயிட்டா அம்மாவைத் தனியா பாத்துக்க பயமா இருந்துச்சு.”

நான் மூன்று மாதம் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கேட்காமல் நானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வேன். சனிக்கிழமை மட்டும் சோபாவுக்கு வந்துவிடுவேன். என் கோபம் அவள்மேல்தானே, ரயில்காரன்மேல் இல்லையே.

கடைசிப் பகுதியில் அவன் நண்பனின் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். தங்கைக்காரி அவனை மன்னிக்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. கதை அப்படியே முடிந்துவிட்டது.

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். “இவன் நல்லவனா, கெட்டவனா?”

“இத்தனை பகுதி எழுதியும் தெரியல” என்றாள் அக்கா. “உனக்கு?”

“முந்நூறு பேரைக் காப்பாத்தினான். ஆனா அந்தப் பொண்ணு முன்னால அதைச் சொல்லிக்காட்டல. அது பிடிச்சிருந்துச்சு.”

அக்கா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேலாளர் அடுத்த தொடரை அவளுக்குக் கொடுக்கவில்லை. வேறு கூடத்தில் வேலை கிடைத்தது. மறு வருடம் பல் டாக்டரையே கட்டிக்கொண்டு போனாள். போகும் முன், மாலை நேர வரைபட வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். சேர்ந்து ஒரு வருடம் போனேன். கோடு நேராகத்தான் வந்தது, கைக்குத்தான் பழைய வேகம் இல்லை.

போன மாதம் அவளிடம் போனில் சொன்னேன். “அந்தப் படிப்பு வேணுமா, அந்தச் சனிக்கிழமைகள் வேணுமான்னு யாராவது கேட்டா, சனிக்கிழமைதான்னு சொல்வேன்.”

“பொய் சொல்லாதே.”

“பாதிதான் பொய்” என்றேன்.