சரிகை கட்டிய ஸ்பிரிங்

ஃப்யூஸ் போனால் தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. ஆரணியில் என் ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். பட்டுக்கடை முதலாளிக்கு மட்டும் ஏனோ மறந்துபோகும்.

பெண்கள் முகூர்த்தப் புடவை பார்க்கும் நேரத்தில் பிள்ளைகள் தொல்லை செய்யாமல் இருக்கட்டும் என்று அவர் ஒரு பழைய பின்பால் மெஷினை வாங்கிக் கடையில் போட்டிருந்தார். சாய்வான கண்ணாடி மேசைக்குள் இரும்புக் குண்டு உருண்டு வரும். பக்கத்துப் பட்டனை அழுத்தினால் துடுப்புகள் அதை மேலே தட்டிவிடும். பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதில் ஒட்டிக்கொண்டார்கள்.

அன்று நான் போனபோது போளூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். மெஷின் செத்துக் கிடந்தது, பிள்ளைகள் கத்தின. பெண்ணின் அம்மா ஓர் அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "சரிகை அசல்தானா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சத்தியம் மேல் சத்தியம் செய்தார். என்னைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

"இன்னாம்மா, போட்டுகினே இருக்கேன், ஃப்யூஸ் போயிகினே இருக்குது. ஒரே பேஜார். கம்பிய சுத்திட்டு ஜல்தியா ஓட வையி. இவங்க எழுந்து போய்டப் போறாங்க."

"கம்பி சுத்துனா மெஷின் எரியும்ங்க. அப்புறம் பக்கத்துல இருக்கிற பட்டும் எரியும்," என்றேன். விலகி வழி விட்டார்.

புது ஃப்யூஸை வீணாக்காமல் அந்த இடத்தில் ஒரு பல்பை இணைத்தேன். வலது பட்டனை அழுத்தினால் மங்கலாக எரிந்தது. இடது பட்டனுக்குப் பளீரென்று எரிந்தது. கரண்ட் தடையில்லாமல் பாய்கிறது, ஷார்ட் அந்தப் பக்கம்தான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அகப்பட்டாயா!

மேசைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். இடது துடுப்பின் ஸ்பிரிங் அறுந்து, அதை யாரோ நூலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் அறுந்தது எதுவானாலும், செருப்பு வாரோ பை கைப்பிடியோ, தறியில் இழை பிணைப்பது மாதிரி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இந்த முடிச்சும் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நூல் பளபளத்தது. சரிகையைப் பல இழையாக முறுக்கிக் கட்டியிருந்தார்கள்! பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது துடுப்பை இயக்கும் கம்பிச் சுருளின் முனையைத் தொட்டு, கரண்ட்டை இரும்புச் சட்டத்துக்குக் கடத்தியிருக்கிறது.

"யாருங்க கட்டுனது?"

"நான்தாம்மா," என்று முதலாளி குரலைத் தாழ்த்தினார். "சாதா நூலு அறுந்துகினே இருந்துது."

அதை வெட்டி எறிந்து வேறு ஸ்பிரிங் மாட்டினேன். புது ஃப்யூஸ் நின்றது. பிள்ளைகள் ஓடி வந்தன.

"பிளாஸ்டிக் சரிகையா இருந்தா ஃப்யூஸ் போயிருக்காதுங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெண்ணின் அம்மா புடவையோடு எழுந்து வந்து என் கையிலிருந்த மீட்டரைக் காட்டினார். "அப்போ இதுலயும் வெச்சுப் பாரும்மா."

"வெள்ளி எவ்ளோன்னு இது சொல்லாதும்மா. உள்ள உலோகம் இருந்தா பீப்னு கத்தும், அவ்ளோதான்."

மீட்டரின் இரண்டு முனைகளையும் சரிகைக் கரையில் வைக்கும்போது முதலாளியைப் பார்த்தேன். அத்தனை நேரம் அடித்துச் சத்தியம் செய்த மனிதர் மூச்சே விடவில்லை.

மீட்டர் பீப் என்று கத்தியது. கடையில் எல்லோரையும்விடப் பெரிதாக மூச்சு விட்டவர் அவர்தான்.