சூபோர், அட்ரெசார், கோப்பு

நியூ லின்னில் எங்கள் வீட்டிலுள்ள மடிக்கணினி ஒன்று ஸ்லோவாக் மொழியில் மட்டுமே பேசும். அணைக்கப் போனால் 'விப்னூத்' என்று காட்டும். அது என் மனைவி சிவமலருடையது. அவள் மறைந்து ஏழு மாதங்களாகின்றன. இளவயதில் உதவிச் சம்பளத்தில் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவா சென்று பொறியியல் படித்தவள். கணினியை முதலில் தொட்டது அங்கேதான். பிறகு எந்த நாட்டில் எந்தக் கணினி வாங்கினாலும் அதன் மொழியை முதல் நாளே மாற்றிவிடுவாள்.

நான் பல்கலைக்கழக நூலகராக இருந்தவன். பெயரிடும் முறைகளில் எனக்கு இன்னும் ஆர்வம் குறையவில்லை. ஃபைல் என்றால் எனக்கு அலுவலகத்து நாடா கட்டிய காகிதக் கட்டு நினைவுக்கு வரும். ஸ்லோவாக்கியர் அதைச் சூபோர் என்கிறார்கள். நடனக் குழுவுக்கும் அதுவே பெயராம். ஃபைல்களை அடுக்கிவைக்கும் டிரெக்டரி அவர்களுக்கு அட்ரெசார், முகவரிப் புத்தகம். ஒரு டிரெக்டரிக்கு மேலிருப்பதை ஆங்கிலம் பெற்றோர் என்கிறது. சிவமலரின் கணினியிலோ அது மேலதிகாரி. நாம் கோப்பு, கோப்புறை என்று ஒரே வேரிலிருந்து சிக்கனமாக ஆக்கிக்கொண்டோம். இவற்றை அவளிடம் கேட்டுக் குறித்துவைத்திருந்தேன். அவளுடைய கோப்புகளை வகைப்படுத்தித் தரவா என்று கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டாள். "நான் எங்கை வைச்சனான் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் உங்கட லைப்ரரியைப் பாருங்கோ."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்காக அவள் தன் குரலில் பாடங்களைப் பதிவுசெய்து வைத்திருந்தாள். அவள் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை. "அம்மாவின்ர ரெக்கோர்டிங் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு அழிச்சு விடுங்கோப்பா, கொம்பியூட்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம்" என்றாள் மகள். திரையில் வரிசையாக நின்ற நாற்பது சின்னங்களையும் பென்டிரைவில் பிரதிசெய்தேன். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தலைப்பும் இட்டு ஒரு பட்டியலும் எழுதினேன்.

அழிப்பதற்குப் பக்கத்து வீட்டு சுசானாவை அழைத்தேன். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு வேலை பார்க்கும் ஸ்லோவாக்கியர். வேலிக்கு அப்பாலிருந்து சிவமலருடன் அந்த மொழியில் பேசிய ஒரே மனிதர். அவர் பொத்தானை அழுத்துமுன் பென்டிரைவைத் திறந்து பார்த்தார். அதிலிருந்தவற்றின் அளவு ஒரு கடிதத்துக்குக்கூடப் போதாது என்றார். சுருக்கமாகப் பேசுவது அவள் வழக்கம் என்று நான் விளக்கினேன். அவர் ஒரு சின்னத்தின் மூலையிலிருந்த சிறிய அம்புக்குறியில் விரலை வைத்தார். "இவை கோப்புகளே அல்ல, அவை இருக்குமிடத்தைக் காட்டும் வழிகாட்டிகள். நூலகரே, கட்டலாக் அட்டைகளை எடுத்துக்கொண்டு புத்தகங்களை எரிக்கப் பார்த்தீர்களே."

எழுதிவைத்திருந்த பட்டியலை மடித்து ஓரமாக வைத்தேன்.

அம்புக்குறியைப் பின்பற்றி, உறைக்குள் உறையாக ஏழு படி இறங்கி, பாடங்களைக் கண்டுபிடித்தார். முதலாவதைத் திறந்தோம். சிவமலர் பறவைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, சற்று உரக்க ஸ்லோவாக்கில் ஏதோ சொன்னாள். தொலைவிலிருந்து வந்த மறுமொழி சுசானாவின் குரல். பிறகு மறுபடியும் தமிழ்: கொக்கு, நாரை.

"மழை வருகிறது, துணிகளை எடு என்கிறாள்" என்றார் சுசானா. பிறகு, பறவைகள் என்னென்ன என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கணினியை எங்கள் இருவருக்கும் நடுவே சற்றுத் திருப்பிவைத்து, அவர் இரண்டாவது பாடத்தைத் திறந்தார்.